சாட்சி நிற்கும் அரங்கு: அம்மான் மேடையில் டிராய் நகரப் பெண்கள்

போரைப் பாடுவது இலக்கியத்திற்குப் புதிதன்று. தும்பையும் வாகையும் வகுத்த நம் மரபில் வென்றோர் புகழே மிகுதி; தோற்றோரின் குரலாய் ஒலிப்பன சிலவே. அச்சிலவற்றுள் தலையாயது பாரி மகளிர் பாடியதாகக் கூறப்பெறும் புறநானூற்று 112-ஆம் பாடல். தந்தையையும் குன்றையும் இழந்த அம்மகளிர் களத்தின் குருதியை விவரிக்கவில்லை. இரண்டு திங்களின் நிலவை அருகருகே நிறுத்தி இழப்பை உணர்த்திவிடுகின்றனர். துயருற்றவர் தம் வாயால் சொல்லும்போது எதைச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது என்னும் வினா இக்கால அரசியல் நாடகத்திலும் எழுந்துள்ளது. 2013 டிசம்பரில் ஜோர்தான் தலைநகர் அம்மானில் சிரிய அகதிப் பெண்கள் நடித்த 'டிராய் நகரப் பெண்கள்' நாடகத்தைக் கொண்டு அவ்வினாவை ஈண்டு ஆராயலாம்.

பிறர் அளித்த வாக்குமூலங்களைத் தொகுத்து நடிகர் வாயில் வைப்பது சாட்சிய நாடகத்தின் ஒரு முறை. பீட்டர் வைஸ் ஜெர்மன் மொழியில் எழுதிய 'விசாரணை' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1963 முதல் 1965 வரை பிராங்க்பர்ட் நகரில் நடைபெற்ற ஆஷ்விட்ஸ் வழக்கின் சாட்சியங்களால் ஆன அந்நாடகம், 1965 அக்டோபர் 19 அன்று இரு ஜெர்மனிகளிலும் பல அரங்குகளில் ஒரே நாளில் மேடையேறியது. அதில் குற்றஞ்சாட்டப்பட்டோருக்குப் பெயர் உண்டு, சாட்சிகளுக்கு இல்லை. முகாமில் பெயரிழந்து எண்ணாய் நின்றவர்கள் அல்லரோ அவர்கள்! எனினும் அங்குப் பேசியவர் நடிகரே. அம்மான் நாடகத்தில் துயருற்றவளே மேடையில் நின்றாள்.

மூலநாடகம் கிரேக்கக் கவிஞர் யூரிபிடிஸ் இயற்றி, கி.மு. 415-இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறியது. அதற்குச் சற்று முன்னர்தான் ஏதென்ஸ் படை மேலோஸ் தீவை வென்று, ஆடவரைக் கொன்று, பெண்டிரையும் மக்களையும் அடிமைகளாக்கியிருந்தது. வென்ற நகரத்தார் முன்னிலையிலேயே, வீழ்ந்த டிராய் நகரின் அரசி ஹெகுபாவும் அவள் குலப்பெண்டிரும் அழும் அழுகையைக் கவிஞர் கேட்கச் செய்தார். ஆனால் அன்று அப்பெண்களாக நடித்தவர் அனைவரும் முகமூடி அணிந்த ஆடவர். ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் கழித்து அந்த அழுகையைப் பெண்களே அரபு மொழியில் எடுத்துரைத்தனர்.

சிரியாவில் 2011-இல் தொடங்கிய மோதல் போராக மூண்டு, 2013-ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஜோர்தானில் மட்டும் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட சிரியர் அகதிகளாகப் பதிவு பெற்றிருந்தனர். இந்நாடகத்தை இயக்கிய உமர் அபூ ஸஅதாவும் சிரியரே. நடித்த பெண்களில் பெரும்பாலோர் அதற்குமுன் மேடையேறி அறியாதவர். யூரிபிடிஸின் வரிகளுக்கிடையே அவர்கள் தத்தம் கதைகளைச் சேர்த்துச் சொன்னார்கள். கணவனை இழந்து, மகனையும் பகைவர் பறித்துச் செல்லக் காணும் ஆந்திரோமாக்கியின் நிலை அவர்களுக்கு விளக்கவுரை வேண்டாதது. ஹெகுபாவின் சொல்லைச் சொல்லும்போது எந்தத் தெரு, யார் வீடு, யார் சுட்டது என்று எவரும் கேட்பதில்லை. புனைவு அவர்களுக்கு முகத்திரையாயிற்று. அதை எப்போது விலக்குவது, எவ்வளவு விலக்குவது என்பது அவர்கள் கையில் இருந்தது.

பயிற்சியில் சேர்ந்தவர் ஏறத்தாழ ஐம்பதின்மர். மேடையேறியவர் அவருள் ஏறக்குறையப் பாதியினரே. சிரியாவில் எஞ்சியிருந்த உறவினருக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சி விலகினோர் உண்டு. தம் முகத்தைப் படமெடுக்க இசையாதோரும் உண்டு. அவ்வச்சம் காரணமற்றதன்று. அஸத் ஆட்சி வீழ்ந்தது 2024 டிசம்பர் 8-இல்தான். பாதிப்பேர் விலகியதை நாடகத்தின் குறையாகக் கருதுவாரும் இருக்கலாம். யான் அவ்வாறு கருதவில்லை. திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 282-ஆம் வசனம், அழைக்கப்பட்டால் சாட்சிகள் மறுக்கலாகாது என்கிறது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைக்கலாகாது என்றும் அதே வசனம் விதிக்கிறது. கடன் ஒப்பந்தம் பற்றிய வசனம் அது என்பதை மறக்கவில்லை. எனினும் சாட்சியத்தின் கடமையையும் சாட்சியின் காப்பையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்நெறியை நாடகத்திற்கும் அளவுகோலாகக் கொள்ளலாம். விலகிச் செல்லும் வாயில் திறந்திருந்ததால்தான், நின்று பேசியவர்களின் பேச்சு வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலமாகாமல் சாட்சியமாயிற்று.

மற்றொரு வினா எளிதில் தீர்வதன்று. பார்ப்பவர் கண்ணீர் துடைத்துக்கொண்டு இல்லம் திரும்புகின்றனர். சொன்னவளோ மீண்டும் அகதி வாழ்வுக்கே திரும்புகிறாள். மாலைதோறும் தன் புண்ணைத் தானே கீறிக் காட்டுமாறு அவளை வேண்டுவது அறமா? தனியொருத்தி மீது அப்பாரம் விழாதவாறு குழுப்பாடகராகப் பலர் சேர்ந்து நின்றது ஓரளவு மாற்றாகலாம். முழு மாற்று அன்று.

இந்நாடகம் புதுவடிவில், 'சிரியாவின் அரசியர்' என்னும் பெயருடன், 2016-இல் இங்கிலாந்து சென்றது. அதற்கு ஈராண்டு முன்னர் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் அழைத்திருந்தபோதோ அப்பெண்களுக்கு விசா மறுக்கப்பட்டது. அகதிகள் வந்தால் திரும்பிச் செல்லமாட்டார்கள் என்னும் ஐயம் அத்தகைய மறுப்புகளின் பின் நிற்பது வழக்கம். காணொளி இணைப்பின் வழியே அங்கிருந்தோர் அவர்களோடு உரையாடினர். குரல் கடல் கடந்தது. குரலுக்குரியோர் அம்மானிலேயே இருந்தனர்.