அனுப்பப்பட்டவர்

கிறிஸ்தவ சமயம் பற்றிய நூலைத் தமிழாக்கும்போது ‘அப்போஸ்தலர்’ என்ற சொல் எதிர்ப்படும் இடத்தில் என் எழுதுகோல் சற்றுத் தயங்கி நிற்கும். ‘சீடர்’ என்று எழுதிவிடலாமா? பலரும் அவ்வாறே எழுதுகின்றனர். இயேசு கிறிஸ்துவின் காலடியில் அமர்ந்து கற்ற பன்னிருவர் என்ற அளவில் அது பெரும் பிழையும் அன்று. எனினும் மூலத்தில் இவை இரண்டு சொற்கள். சீடரைக் குறிக்கும் ‘மதேதேஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கற்பவர் என்பது பொருள். ‘அப்போஸ்தொலொஸ்’ என்றால் அனுப்பப்பட்டவர். கற்பவர் குருவின் அருகில் இருக்க வேண்டும். அனுப்பப்பட்டவரோ அவரைப் பிரிந்து செல்ல வேண்டும்.

இச்சொல் பிறவியிலேயே புனிதமானதன்று. பழைய கிரேக்கர் பெரும்பாலும் கடற்பயணத்துக்கு அனுப்பப்படும் கப்பற்படையைக் குறிக்கவே இதனைப் பயன்படுத்தினர். தூது சென்ற ஒரு மனிதரைக் குறிக்க ஹெரடோட்டஸ் போன்றோர் அரிதாக எடுத்தாண்டனர். யூதச் சட்ட மரபில் ‘ஷாலியாக்’ என்றொரு சொல் உண்டு. ஒருவர் தம் சார்பில் அனுப்பும் ஆள் அவர். தம்மை அனுப்பியவராகவே அவர் கருதப்படுவார். அவர் மூலமாகத் திருமண நிச்சயம் செய்துகொள்வதற்குக்கூட அச்சட்டம் இடம் தந்தது. எனினும் அந்த அதிகாரம் ஒப்படைக்கப்பட்ட பணியின் எல்லையைத் தாண்டுவதில்லை. ஆதிக் கிறிஸ்தவர்கள் இம்மரபிலிருந்தே தங்கள் கருத்தைப் பெற்றனரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஆயினும் இரண்டின் சாயலும் ஒன்றே.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இயேசு பன்னிருவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். அங்கே இரு நோக்கங்கள் கூறப்படுகின்றன: அவர்கள் தம்முடன் இருப்பது, தம்மால் அனுப்பப்படுவது. இந்த வரிசை தற்செயலானதன்று என்றே நான் கருதுகிறேன். உடனிருந்து பெறாதவர் எதைக் கொண்டு செல்வார்? பின்னர் அவர்களை இருவர் இருவராக அனுப்பும்போது, கைத்தடி ஒன்றைத் தவிர உணவோ, பையோ, இடைக்கச்சையில் காசோ வேண்டாம் என்று கட்டளையிடுகிறார். அந்தப் பயணத்திலிருந்து அவர்கள் திரும்பி வந்து, செய்தவற்றைக் குருவிடம் கூறும் இடத்தில் மாற்கு அவர்களை அப்போஸ்தலர் என்றே குறிப்பிடுகிறார். மற்ற இடங்களில் அவருக்கு அவர்கள் பெரும்பாலும் சீடர்களே.

காட்டிக்கொடுத்த யூதாஸ் இறந்தபின் பன்னிருவரில் ஓர் இடம் காலியாயிற்று. யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள் தொடங்கி இறுதிவரை இயேசுவுடன் இருந்தவராகவும், அவர் உயிர்த்தெழுந்ததற்குச் சாட்சியாகவும் இருக்க வேண்டும் என்பதைத் தகுதியாக வைத்து, இருவரை நிறுத்திச் சீட்டுப் போட்டனர். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. அதன்பின் புதிய ஏற்பாட்டில் எங்குமே மத்தியாவின் பெயர் வருவதில்லை! பின்னாளில் ஏரோது அக்கிரிப்பா, யோவானின் சகோதரரான யாக்கோபைக் கொன்றபோது, அவரது இடத்துக்கு எவரையும் தேர்ந்தெடுத்ததாக ‘அப்போஸ்தலர் நடபடிகள்’ கூறவில்லை. அந்தப் பன்னிரண்டு, நிரப்பிக்கொண்டே செல்வதற்குரிய பதவிகளின் எண்ணிக்கையாகக் கருதப்படவில்லை என்பது இதனால் புலனாகிறது.

இந்த நிலையில்தான் பவுல் வருகிறார். மேலே சொன்ன தகுதி எதுவும் அவருக்கு இல்லை. இயேசு வாழ்ந்த நாட்களில் அவருடன் நடந்ததில்லை. அவரைப் பின்பற்றியவர்களைத் துன்புறுத்தியவர். தமஸ்கு நகருக்குச் செல்லும் வழியில் உயிர்த்தெழுந்தவரைக் கண்டதாகவும், தம்மை அனுப்பியது மனிதர் அல்லர் என்றும் அவர் கூறினார். இதனை ஏன் நம்ப வேண்டும் என்று மக்கள் கேட்டதில் வியப்பில்லை. அசோகவனத்தில் சீதாபிராட்டிகூட அனுமனை முதலில் ஐயுற்றாள் அல்லவா? அங்கே இராமபிரானின் கணையாழி இருந்தது. பவுலிடம் அத்தகைய கணையாழி எதுவும் இல்லை.

இச்சிக்கல் முற்றியது கொரிந்து நகரில். பவுல் அங்கே கூடாரம் செய்யும் தொழிலால் தம் வயிற்றைக் கழுவிக்கொண்டு உபதேசித்து, ஒரு சபையை உருவாக்கிச் சென்றார். அவர் சென்றபின் வேறு சில போதகர்கள் வந்தனர். பரிந்துரைக் கடிதங்கள் இருந்தன, நாவன்மை இருந்தது, தங்களை அப்போஸ்தலர் என்றும் அழைத்துக்கொண்டனர். பவுலின் கடிதங்கள்தாம் கடுமையானவை, ஆளை நேரில் பார்த்தால் ஒன்றுமில்லை, பேச்சும் எடுபடாது என்றெல்லாம் ஊரில் பேச்சு எழுந்தது. அவர் காணிக்கை பெறாததையும் குறையாகவே கண்டனர். கூலி வாங்காத உபதேசத்துக்கு என்ன மதிப்பு என்று எண்ணினர் போலும். மனித மனம் விந்தையானது!

பவுல் கி.பி. 50-களின் நடுப்பகுதியில் அவர்களுக்கு எழுதிய பதில்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். அவர் அமைதியாக எழுதவில்லை. புண்பட்டிருக்கிறார், கோபமும் கிண்டலும் கொள்கிறார். கடிதம் கேட்கிறீர்களா, நீங்களே என் கடிதம் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர்களது மாறிய வாழ்க்கையே தாம் அனுப்பப்பட்டவர் என்பதற்கு முத்திரை என்கிறார். பிறகு, பெருமை பேசுவது அறிவீனம் என்று தாமே ஒப்புக்கொண்டு, தம் தகுதிகளைப் பட்டியலிடத் தொடங்குகிறார். அதில் வருபவை எவை? ஐந்து முறை முப்பத்தொன்பது கசையடிகள், மூன்று முறை பிரம்படி, ஒருமுறை கல்லெறி, மூன்று முறை கப்பற்சேதம், பசி, குளிர். இவற்றுக்கெல்லாம் முடிவில், தமஸ்குவில் தம்மைப் பிடிக்கக் காவல் வைத்தபோது ஒரு கூடையில் அமர்ந்து மதிற்சுவர் வழியே இறக்கப்பட்டுத் தப்பியதைச் சொல்கிறார். வெற்றிகளைக் கேட்க எண்ணியிருந்த கொரிந்தியருக்கு, கூடையில் ஒளிந்து ஓடிய கதை! அப்போஸ்தலருக்குரிய அடையாளங்களாக அற்புதங்களும் தம்மிடம் வெளிப்பட்டதை அவர் குறிப்பிடாமல் இல்லை. அதற்கு ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

பவுல் இச்சொல்லைத் தமக்கும் பன்னிருவருக்கும் மட்டும் உரியதாக ஒதுக்கவும் இல்லை. ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தின் இறுதியில் அந்திரோனிக்கு, யூனியா என்ற இருவரை வாழ்த்துகிறார். தமக்கு முன்பே கிறிஸ்துவை ஏற்றவர்கள், சிறைப்பட்டவர்கள். அப்போஸ்தலருள் சிறந்தவர்கள் என்றோ, அப்போஸ்தலரால் நன்கு அறியப்பட்டவர்கள் என்றோ அவ்விடத்துக்குப் பொருள்கொள்ளலாம். யூனியா பெண். 4-ஆம் நூற்றாண்டின் யோவான் கிறிசோஸ்தம், அப்பெண்மணி அப்போஸ்தலர் எனக் கருதப்படும் தகுதி பெற்றிருந்ததை எண்ணி வியந்து எழுதினார். இடைக்கால உரையாசிரியர்கள் சிலருக்கு இது பொறுக்கவில்லை போலும், அப்பெயரை ஆண்பெயராக்கிவிட்டனர். இக்கால அறிஞர் பெரும்பாலோர் அதனை மீண்டும் பெண்பெயராகவே கொள்கின்றனர்.

அனுப்பப்பட்டவர் இத்தனை பேர் எனில் போலிகளும் வருவர். 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் புரியென்னியோஸ் என்ற கிரேக்க அறிஞர் ஒரு பழஞ்சுவடியைக் கண்டெடுத்தார். அதில் இருந்த ‘டிடாக்கே’ என்னும் சிறுநூல், முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது எனப் பலரும் கருதுகின்றனர். ஊர்ஊராக வரும் அப்போஸ்தலரை எவ்வாறு நடத்துவது என்று அது கூறுகிறது: ஆண்டவரையே வரவேற்பது போல் வரவேற்க வேண்டும். அவர் ஒரு நாள் தங்கலாம். தேவையெனில் மறுநாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் சேரும்வரைக்குமான உணவை மட்டும் பெறலாம். பணம் கேட்டால் அவர் போலி. ஓர் ஊரில் நெடுநாள் தங்காத பரிவ்ராஜக சந்நியாசிகளின் நியமத்தை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. அனுப்பியவரை மறந்து, தனக்கென இடம் தேடத் தொடங்குபவரை அந்த எளிய கிராமத்தார் நாட்கணக்கில் அளந்து கண்டுகொண்டனர்.

பன்னிருவருள் ஒருவரான தோமா பாரத நாட்டுக்கு வந்தார் என்பது கேரளக் கிறிஸ்தவர்களின் தொன்மையான நம்பிக்கை. அவர் மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதும் மரபு. 3-ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் தோன்றியதாகக் கருதப்படும் ‘தோமாவின் நடபடிகள்’ அவரது வருகையைக் கதையாகச் சொல்கிறது. வரலாறாகக் கொள்ள முடியாத நூல். ஆயினும் அதில் வரும் கொந்தபோரஸ் மன்னர் கற்பனை அல்லர். அவருடைய நாணயங்கள் பாரதத்தின் அன்றைய வடமேற்குப் பகுதிகளில் கிடைத்துள்ளன.

கதை இதுதான். அப்போஸ்தலர்கள் உலகைப் பங்கிட்டுச் சீட்டுப் போடுகின்றனர். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. அவர் மறுக்கிறார். உடலில் வலுவில்லை, எபிரேயனான நான் இந்தியர்களுக்கு எப்படிப் போதிப்பேன் என்கிறார். இரவில் இயேசு தோன்றித் தைரியம் சொல்லியும் அவர் இணங்கவில்லை. அச்சமயம் அம்மன்னருக்காகத் தச்சர் ஒருவரைத் தேடி ஹப்பான் என்ற வணிகர் அங்கே வருகிறார். இயேசு அவரை அணுகி, தம்மிடம் தச்சுத் தெரிந்த அடிமை ஒருவன் உண்டு என்று கூறி, தோமாவை விற்று விற்பனைச் சீட்டும் எழுதிக் கொடுக்கிறார். வணிகர் தோமாவிடம் வந்து, இவர் உன் எஜமானரா என்று கேட்கிறார். ஆம் என்கிறார் தோமா. இவரிடமிருந்து உன்னை வாங்கிவிட்டேன் என்கிறார் வணிகர். தோமா பதில் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் பிரார்த்தனை செய்துவிட்டுக் கப்பலை நோக்கிப் புறப்படுகிறார். அவர் கையில் இருந்தது தம்மை விற்ற விலைப்பணம் மட்டுமே. அதையும் இயேசுவே அவரிடம் கொடுத்திருந்தார்.