கால் லிஸ்ட் எடுக்காதே, மருமகனே

திசையன்விளை

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நேற்று நீ போனில் உன் மனைவியைப் பற்றிக் கேட்டபோது உன் அம்மா பக்கத்தில் இருந்தாள். அதனால் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

“எப்பக் கூப்பிட்டாலும் அவ போன் பிஸி. சிம்மு என் பேர்லதான இருக்கு, கால் லிஸ்ட் எடுக்கட்டுமா மாமா?” என்றாய். எடுக்காதே.

பரமக்குடியில் ஒருவர் விவாகரத்து வழக்கில் மனைவியின் கால் லிஸ்ட்டைக் கோர்ட்டில் கொடுத்தார். அந்தப் பெண் மதுரை ஹைகோர்ட்டுக்குப் போனார். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு, அதை மீறி எடுத்தது சாட்சியம் ஆகாது என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2024 அக்டோபர் 30-இல் தீர்ப்புச் சொன்னார். நம் ஜில்லாவுக்கும் அதே கோர்ட்டுதான்.

2025 ஜூலை 14-இல் சுப்ரீம் கோர்ட் வேறு மாதிரி சொல்லிவிட்டதே என்று உனக்கு யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். உண்மைதான். பஞ்சாப் பக்கத்து வழக்கு ஒன்றில், மனைவிக்குத் தெரியாமல் கணவன் பதிவுசெய்த பேச்சைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. ஆனால் ஒருவரையொருவர் வேவு பார்க்கிறார்கள் என்றாலே அந்த உறவு ஏற்கெனவே முறிந்துபோனதன் அடையாளம் என்றும் சொன்னது. உனக்குத் தலை ஆடிகூட இன்னும் வரவில்லையே, மருமகனே!

லிஸ்ட்டில் என்ன இருக்கும்? நம்பர், நேரம், எத்தனை நொடி. ராத்திரி பத்து மணிக்கு நாற்பது நிமிஷம் பேசினாள் என்று காட்டும். தங்கச்சியின் பரீட்சையைப் பற்றிப் பேசினாளா, உன்னை நினைத்து அழுதாளா என்று காட்டாது. மீதியை உன் சந்தேகமே எழுதிக்கொள்ளும்.

அவள் யாரிடம் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் மாட்டேன். நீ அவளிடமே கேள். கடை அடைத்த அலுப்போடு கேட்காதே. எடுத்த எடுப்பில் “எங்க இருக்க, வீடியோவ போடு” என்று அதட்டாதே. பழகாத வீட்டில், மாமியாரோடு, புருஷன் மும்பையில் இருக்க, பகல் முழுக்க அந்தப் பிள்ளை யாரிடம்தான் பேசும்? அதை யோசித்துக்கொண்டு கேள்.

முதல் காரியமாக அந்த சிம்மை அவள் பேருக்கு மாற்றிக் கொடு. வைகாசி விசாகத்துக்கு முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு வா. இரண்டு பேரும் உவரிக்குப் போய்விட்டு வரலாம். டிக்கெட் கிடைத்ததும் அவளிடம் முதலில் சொல். எங்களுக்கு அவளே சொல்லட்டும்.

அன்புடன்,
மாமா