செவிலியர் சம்பளத்துக்கு வரையறை உண்டா?

கேள்வி: தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு சம்பளம் தர வேண்டும்?

பதில்: உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜனவரி உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, படுக்கை எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால், மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல் இருந்தால் 10 சதவீதம், 50 முதல் 100 வரை 25 சதவீதம் மட்டுமே குறையலாம். அதற்கும் சிறிய மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

இது பரிந்துரைதான், நடைமுறைப்படுத்த வேண்டியவை மாநிலங்கள். கேரளம், செவிலியர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின், 2018-ல் அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என அறிவித்தது. சலைன் மாற்றுவது, மருந்து கொடுப்பது, கேஸ் ஷீட் எழுதுவது என இரவெல்லாம் வார்டைத் தாங்குபவருக்கு அந்தத் தொகையும் அதிகமில்லை.

பணியில் சேரும்போதே நியமன ஆணையும், மாதந்தோறும் சம்பளச் சீட்டும் கேட்டு வாங்க வேண்டும். அனுபவச் சான்றுக்கும், வெளிநாட்டு வேலைக்கும் இவையே ஆதாரம். அசல் சான்றிதழ்களை மட்டும் நிர்வாகத்திடம் விட்டுவைக்கவே கூடாது. சரிபார்த்த கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும்.