கப்பல் நின்றாலும் நோய் நிற்பதில்லை

கடல் சூழ்ந்த ஊரில் கப்பலின் வருகையே காலக்கணக்கு. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் ஹட் பே, காம்ப்பெல் பே போன்ற இடங்களில் வாழ்வோர், பெரிய மருத்துவமனையை நாடினால் ஸ்ரீ விஜயபுரத்திற்கு (2024 வரை போர்ட் பிளேயர்) வர வேண்டும். பருவமழையில் கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும், நோய் நிற்பதில்லை. முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தைக்கு இது உயிரைப் பற்றிய செய்தி.

இந்நோயில் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. 1922 ஜனவரியில் டொரன்டோ நகரில் 14 வயது லெனார்ட் தாம்ஸனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்நோயுற்ற குழந்தைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. ஆகவே விரதம், நேர்ச்சை, மூலிகை என்று எதன் பொருட்டும் ஊசியை நிறுத்தலாகாது. பிரார்த்தனை மனத்திற்கு வலிமை. இன்சுலின் உடலுக்கு உயிர். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

குழந்தையின் மனம்

தான் செய்த குறும்புக்குத் தண்டனையாகவே நோய் வந்தது என்று சிறு குழந்தைகள் எண்ணுவதுண்டு. "முன்வினைப் பயன்" என்று பெரியவர்கள் பேசினால் அந்த எண்ணம் வேரூன்றிவிடும். "இது உன் தவறால் வந்ததன்று, உன்னுடன் நாங்கள் இருக்கிறோம்" என்று தெளிவாகக் கூறுவதே முதல் மருந்து. வலிக்கும் ஊசியை "வலிக்காது" என்று பொய் கூறுவதும் கூடாது. நம்பிக்கை உண்மையின் மீதுதான் நிற்கும்.

வளரிளம் பருவம்

இப்பருவத்தினர் நோயை நண்பர்களிடம் மறைப்பர். சில வேளை ஊசியையே தவிர்ப்பர். கண்டிப்பு மறைப்பை வளர்க்கும். அளவு பார்த்தல், ஊசி போடுதல், பயணத்திற்கு மருந்து எடுத்து வைத்தல் ஆகிய பொறுப்புகளைப் படிப்படியாக அவர்களிடம் ஒப்படைத்து, பெற்றோர் அருகிருந்து கவனிப்பதே முறை. தீவில் வாழ்வோர் தேவைக்கு மேல் கூடுதலாக மருந்து வைத்திருத்தல் நலம். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் வைக்க வேண்டும். அது உறைந்துவிட்டால் பயன்படாது.

பள்ளியின் கடமை

நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, குழப்பம் ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். உணர்வுள்ள பிள்ளைக்கு உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவைப் பார்க்க வேண்டும். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். இதை வகுப்பாசிரியர் மட்டுமன்றி அருகில் அமரும் மாணவரும் அறிதல் வேண்டும். அந்தமான் அரசுப் பள்ளிகள் பின்பற்றும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், 2017-இல் இத்தகைய மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் இனிப்பு, பழம், சிற்றுண்டி கொண்டுசெல்ல அனுமதித்தது. உரிமை இருப்பதை அறியாத பிள்ளை பசியோடு தேர்வெழுதும். அதை அறிவிப்பது பெரியோர் பொறுப்பு.

நோயைப் போக்க இயலாத இடத்திலும் தனிமையைப் போக்க இயலும். அதுவே அக்குழந்தைக்குச் செய்யும் சேவை.

சிந்தனைக்கு

1. நம் தெருவில் நீண்டநாள் நோயுள்ள பிள்ளையிடம் நாம் பேசுவது நோயைப் பற்றி மட்டுமா?
2. அதன் உடன்பிறந்தோரை நாம் கவனித்தோமா?