ஷொக் பாரம் சுமக்காது

எம்பிலிப்பிட்டியவில் அதிகாலையிலேயே எருமைத் தயிர்ச் சட்டிகளையும் வாழைக்குலைகளையும் கெப்பில் ஏற்றிவிடுவேன். பெல்மடுளை வீதியில் கொடகவெல தாண்டி, மாதம்பையில் இறக்குவானைப் பக்கம் திரும்பி, தோட்டத்துக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவதுதான் என் தொழில். காபட் வீதியில் ஒரு குறையும் இல்லை. தோட்டத்துக்குள் திரும்பியதும் கல் பாதை தொடங்கிவிடும். சட்டிக்குச் சட்டி வைக்கோல் திணித்திருந்தும், ஒரு மாதமாகப் பின்வரிசைச் சட்டிகள் விரிசல் விட்டுக்கொண்டே வந்தன. வண்டியின் பின்பக்கமும் பாரத்தோடு தாழ்ந்து நின்றது.

பின்பக்கம் தாழ்ந்தால் ஷொக் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். கடைக்குப் போய், "இருக்கிறதிலேயே இறுக்கமான ஷொக் தாங்க" என்று கேட்டு வாங்கிப் பூட்டினேன். பின்பக்கம் ஒரு விரல்கூட உயரவில்லை. சட்டிகள் முன்னைவிட அதிகமாக உடைந்தன. வெறும் வண்டியோடு மழையில் திரும்பும்போது, வளைவில் பள்ளம் வந்தால் பின்சக்கரங்கள் துள்ளிப் பக்கவாட்டில் நகர்ந்தன. அன்று உண்மையாகவே பயந்துபோனேன்.

கராஜில் வண்டியைப் பார்த்த வயதான பாஸ் ஒரே வார்த்தையில் விளக்கினார். "தம்பி, ஷொக் பாரம் சுமக்காது. சுமக்கிறது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆடுற ஆட்டத்தை அடக்குறதுதான் ஷொக்கோட வேலை."

அவர் சொன்னது அப்படியே சரி. குழாய்க்குள் இருக்கும் ஒயிலைச் சிறு துவாரங்கள் வழியாகப் பிஸ்டன் தள்ளும்போது, ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிவிடுகிறது. பாரத்துக்குத் தாழ்கிற வண்டிக்கு ஸ்பிரிங் தகடுகளைத்தான் பார்க்க வேண்டும். என் வண்டியில் ஒரு தகடு முறிந்தே இருந்தது. அதை மாற்றியதும் பின்பக்கம் தானாக நிமிர்ந்தது.

அதற்குப் பிறகுதான் ஷொக்கைச் சரியாகத் தெரிவுசெய்யக் கற்றுக்கொண்டேன். நான் இப்போது பின்பற்றுகிறவை இவை.

முதலில் பழையதைச் சோதியுங்கள். காரை அமுக்கிவிட்டுப் பார்ப்பதுபோல கெப்பின் பின்பக்கத்தை அமுக்கிப் பார்த்தால் அதிகம் தெரியாது. தகடுகள் ஒன்றோடொன்று உரசியே ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திவிடும். கல் பாதையில் அரை மணி நேரம் ஓடிவிட்டு, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு ஷொக்கிலும் கவனமாகக் கை வையுங்கள். வேலை செய்கிற ஷொக் சூடாக இருக்கும். செத்துப்போனது குளிர்ந்து கிடக்கும். என் வண்டியில் முதலில் இருந்த ஷொக்குகளில் இடப்பக்கத்தது அப்படிச் செத்துத்தான் போயிருந்தது என்பது, கழற்றி வைத்திருந்ததைப் பாஸ் கையால் இழுத்துக் காட்டியபோது புரிந்தது. ஒரு தடையும் இல்லாமல் கம்பி வெளியே வந்தது. டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் தடவி, மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதிக பாரத்துக்கு வாங்காதீர்கள், வழக்கமான பாரத்துக்கு வாங்குங்கள். நான் காலையில் பாரத்தோடு போய், மாலையில் வெறுமையாகத் திரும்புகிறேன். முழுப் பாரத்துக்கென்றே இறுக்கிய ஷொக், வெறும் வண்டியைத் தூக்கி எறியும். இரண்டுக்கும் இடைப்பட்டதே எனக்குப் பொருந்தியது.

பாதையைப் பார்த்து வகையைத் தெரிவுசெய்யுங்கள். ஒற்றைக் குழாய், இரட்டைக் குழாய் என இரண்டு வகை உண்டு. ஒற்றைக் குழாயில் ஒயிலும் அழுத்தமான நைட்ரஜன் வாயுவும் தனித்தனியே இருக்கும். சூடு சீக்கிரம் வெளியேறும், ஒயில் நுரைக்காது. நீண்ட தூரம் வேகமாக ஓடுகிறவர்களுக்கு அது நல்லது. ஆனால் பிஸ்டன் ஓடுவது வெளிச்சுவரை ஒட்டியே என்பதால், கல் பட்டு நெளிந்தால் பிஸ்டன் சிக்கிவிடும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் சற்று நெளிந்தாலும் உள்ளே வேலை நடக்கும். கல் தெறிக்கிற தோட்டப் பாதைக்கு, குறைந்த அழுத்த வாயு நிரப்பிய, பருமனான இரட்டைக் குழாயையே நான் எடுத்தேன்.

நீளத்தை அளந்துவிட்டுப் போங்கள். ஸ்பிரிங்கில் தகடு கூட்டி வண்டியை உயர்த்தியிருந்தால், கம்பனி அளவு பொருந்தாமல் போகலாம். நீளம் போதாவிட்டால் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷொக்தான் இழுபட்டு அறும். நீளம் கூடினால், முழுப் பாரத்தில் ரப்பர் தடுப்பு தொடுமுன் ஷொக் அடிமுட்டும்.

பழையதைப் புதிதென்று வாங்கிவிடாதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த வருடங்களில் பழைய கெப்புகளைத்தான் எல்லாரும் பழுதுபார்த்து ஓட்டினோம். பழைய ஷொக்குக்குப் பெயின்ட் அடித்துப் புதிதென்று தரவும் கூடும் என்பதால், உதிரிப்பாகம் வாங்கும்போது பெயின்டின் பளபளப்பை நம்பாமல், உள்ளே போய்வரும் கம்பியைப் பாருங்கள். கீறலோ துருப்புள்ளியோ இருந்தால் அது சீலைக் கிழிக்கும். குழாயில் மறுபடி வெல்டிங் செய்த அடையாளம் இருக்கிறதா என்று தேடுங்கள். கையால் அமுக்கிவிட்டால், வாயு நிரப்பியது தானாக, ஒரே சீராக மேலே வர வேண்டும். பெட்டியிலுள்ள இலக்கம் உங்கள் வண்டியின் மாதிரிக்கும் வருடத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து, பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சோடியாகவே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் போடும்போது வண்டி நேராக நிற்காது. செலவைத் தள்ளிப்போடுவதானால், முதலில் பின்சோடி, பிறகு முன்சோடி என்று அச்சு அச்சாகச் செய்யலாம்.

பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கம்பியைக் குறட்டால் பிடிக்கவே விடாதீர்கள். புஷ் ஆணியை முழுதாக இறுக்குவது, சக்கரம் தரையில் இருந்து வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதுதான். ஜாக்கில் தூக்கி வைத்து இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷொக் என்றால், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாத இடத்தில் கழற்றவே வேண்டாம். விடுபட்டால் உயிரையே எடுக்கும்.

புதுச்சோடி பூட்டிய மறுநாள், கடைசிக் கடையில் சட்டிகளை இறக்கிவிட்டு வண்டிக்குக் கீழே குனிந்து இரண்டு பக்கமும் கை வைத்தேன். இரண்டிலும் ஒரே அளவு சூடு. வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். பின்வரிசையில் ஒரு சட்டியும் விரிசல் விடவில்லை. இப்போது மாதம் ஒருமுறை அதே இடத்தில் நிறுத்தி, அதேபோல் கை வைத்துப் பார்க்கிறேன்.