கம்ஃபர்ட்டர்: துவைப்பதைவிடக் காயவைப்பதே முக்கியம்

சென்னையின் பெரும்பாக்கம், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதி, கடலும் தூரமில்லை. காற்றில் எப்போதும் ஈரம். அதனால் இங்கே கம்ஃபர்ட்டர் என்னும் பஞ்சடைத்த போர்வையைத் துவைப்பதைவிட, உள்பஞ்சு வரை காயவைப்பதுதான் கடினம். மேல்துணி காய்ந்தபின்னும் தையல் மூலைகளை அழுத்திப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். எனவே கோடை வெயிலிலேயே துவைத்து, இரண்டு கொடிகளில் பரப்பி, அவ்வப்போது உதறித் திருப்பிப் போடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் முழுதாகக் காயாது.

அடிக்கடி துவைத்தால்தானே சுத்தம் என்று கேட்கலாம். உறை போட்டிருந்தால் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் பெரும்பாலும் அதில்தான் படியும்; கம்ஃபர்ட்டரை அடிக்கடி துவைக்க வேண்டியதில்லை. பருத்தி உறையை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசுப்பூச்சியும் சாகும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பைக் கூட்டாதீர்கள், அலசலைக் கூட்டுங்கள்.