சுவரில் ஒரு கூடு, ஓலையில் ஒரு கூடு

வீட்டுச் சுவரில் வெள்ளரி விதை போன்ற தட்டையான சாம்பல் நிறக் கூடு ஒன்று மெல்ல நகர்வதைப் பலர் கண்டிருப்பர். அதனுள் ஒரு புழு வாழ்கிறது. தொட்டால் தலையை உள்ளிழுத்துக்கொள்ளும். கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் செம்பனை ஓலைகளிலும் புழுக்கள் வாழும் கூடுகள் தொங்குகின்றன. இவ்விரண்டும் ஒரே இனமா?

இக்கேள்விக்கு வகைப்பாட்டியல் விடை தருகிறது. உயிரினங்களை இனம், பேரினம், குடும்பம், பெருங்குடும்பம் எனப் படிப்படியாகப் பிரிப்பதே வகைப்பாட்டியல். 1758ஆம் ஆண்டு கார்ல் லின்னேயஸ், 'டீனியா' என்னும் பெயரை அந்துப்பூச்சிகளின் ஒரு பிரிவுக்குச் சூட்டினார். அப்பெயரால் அமைந்த குடும்பமே டினெயிடே. இக்குடும்பத்துப் புழுக்கள் பல பூஞ்சையை உண்பதால், இவை 'பூஞ்சை அந்துப்பூச்சிகள்' எனப்படுகின்றன. சுவரில் ஊரும் புழுவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால், அது சிலந்தி வலை, முடி, இறந்த பூச்சிகளின் எச்சம் ஆகியவற்றை உண்ணும்.

செம்பனையைத் தாக்கும் பைப்புழு சைக்கிடே என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. இரு குடும்பங்களும் ஒரே பெருங்குடும்பத்தில் அடங்குவதால், இவற்றைத் தூரத்து உறவினர் எனலாம். சுவர்க்கூட்டிலிருந்து வளரும் பெண் அந்துக்குச் சிறகு உண்டு. செம்பனைப் பைப்புழுவின் பெண்ணுக்கோ சிறகில்லை. அது பையிலேயே வாழ்ந்து, அங்கேயே முட்டையிட்டு மடிகிறது. ஆண் மட்டுமே பறக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுப் புழுக்கள் பட்டு நூலில் தொங்க, காற்று அவற்றை அடுத்த மரத்திற்குக் கொண்டு செல்கிறது.

1917ஆம் ஆண்டு கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான் நம் நாட்டின் முதல் வாணிபச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. செம்பனை பரவியபின், பைப்புழுவும் பெரும் சிக்கலாயிற்று. மெதிசா பிளானா, டெரோமா பெண்டுலா, மகாசேனா கோர்பெட்டி ஆகிய மூன்றும் இங்கு முக்கியமானவை. மகாசேனாவின் பை பெரியது. இலைத்துண்டுகள் அதில் தளர்வாக ஒட்டியிருக்கும். டெரோமாவின் சிறிய பை முதிர்ந்ததும் நீண்ட நூலில் தொங்கும்.

1950களின் பிற்பகுதியில் பூச்சிகள் அனைத்தையும் கொல்லும் கடும் மருந்துகள் சில தோட்டங்களில் தெளிக்கப்பட்டன. அதனால் பைப்புழுவை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் மடிந்தன. எஞ்சிய புழுக்களோ தடுப்பாரின்றிப் பெருகின. இலைகள் உதிர்ந்தால் அடுத்துவரும் ஆண்டுகளில் விளைச்சல் குறையும். அது தோட்டத்தை நம்பி வாழ்வோரின் வருமானத்தையும் பாதிக்கும். இன்று பல தோட்டங்களில் குளவிகளுக்குத் தேன் தரும் பூச்செடிகளைச் சாலையோரம் நடுகின்றனர். புழுக்களை மட்டும் தாக்கும் நுண்ணுயிர் மருந்தையும் தெளிக்கின்றனர். 2013இல் பைப்புழு அபாயகரமான பூச்சியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது.

பெயரும் உறவும் அறிவது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. எதிரி எது, நண்பன் எது எனப் பிரித்தறியத் தெரிந்தால்தான் பயிரைக் காக்க முடியும்.